முதலைகள் கூட்டமாகச் செத்தால்

திருப்பதியில் சேஷாசலம் மலையடிவாரத்து ஸ்ரீ வெங்கடேஸ்வரா உயிரியல் பூங்காவில், முதலைகளைப் பார்க்க நிற்பவர்களிடம் ஒரு சந்தேகம் அடிக்கடி எழும். தமிழிலும் கேட்பார்கள், தெலுங்கிலும் கேட்பார்கள்: "இது நிஜ முதலையா, பொம்மையா?" கேட்பவர்கள்மேல் தப்பில்லை. வாயைப் பிளந்தபடி மணிக்கணக்கில் அசையாமல் கிடப்பதுதான் அதன் இயல்பு. வெயிலில் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும். சூடு மிஞ்சினால் வாயைத் திறந்து தணித்துக்கொள்ளும். நம்மைப்போல் மூன்று வேளை சாப்பாடும் அதற்குத் தேவையில்லை. பெரிய முதலை மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் தாங்கும்.

அந்த அசையாமைதான் அதன் நோயைக் கண்டுபிடிப்பதில் முதல் சிக்கல். சித்தூர்ப் பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாடு காலையில் தீவனம் தின்னாவிட்டால் சாயங்காலத்துக்குள் டாக்டருக்குப் போன் போய்விடும். முதலைக்கு உடம்பு சரியில்லை என்பதை யார் எப்படிப் பார்ப்பது? நோயுற்ற முதலையும் கரையில் கிடக்கிறது, நலமாக இருப்பதும் அதே கரையில் அதே மாதிரி கிடக்கிறது. காட்டாற்றில் வாழும் முதலைக்கு நோய் வந்திருப்பது பெரும்பாலும் அதன் பிணம் ஒதுங்கிய பிறகுதான் வெளியே தெரிகிறது.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. முதலை சாதாரணமாக நோயில் விழும் பிராணி அல்ல. ஒன்றோடொன்று சண்டையிட்டுக் காலை இழக்கும், வால் நுனி போகும், தாடை உடையும். அந்தப் புண்ணோடு அழுக்குத் தண்ணீரில் கிடந்தும் சீழ் பிடிக்காமல் ஆறிவிடும். அதன் இரத்தத்தில் பாக்டீரியாவைக் கொல்லும் பொருள்கள் இருப்பதை ஆய்வாளர்கள் சோதனைச்சாலையில் காட்டியிருக்கிறார்கள். கிருமி பரவிக் கூட்டமாகச் சாகும் கதைகள் அதிகம் வருவது பண்ணைகளிலிருந்து. தோலுக்காகவும் இறைச்சிக்காகவும் நெருக்கி அடைத்து வளர்க்கும் இடங்களில் அம்மை வகை, கிளமீடியா, மைக்கோபிளாஸ்மா எல்லாம் பரவும். அமெரிக்காவில் 2000-களின் தொடக்கத்தில் வெஸ்ட் நைல் வைரஸ், அலிகேட்டர் என்ற முதலை வகையை வளர்க்கும் பண்ணைகளில் புகுந்து நூற்றுக்கணக்கில் கொன்றது. திறந்த ஆற்றில் வாழும் முதலைக்கு அப்படி ஒரு தொற்று வந்து கூட்டமே அழிவது அரிது.

ஆனாலும் ஆற்று முதலைகள் கூட்டமாகச் செத்திருக்கின்றன. நம் நாட்டிலேயே நடந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தில் மவூ நகருக்கு அருகே உற்பத்தியாகி, ராஜஸ்தானைத் தொட்டு, உத்தரப் பிரதேசத்தில் யமுனையில் கலக்கிறது சம்பல் ஆறு. கொள்ளைக்காரர்கள் பதுங்கிய பள்ளத்தாக்கு என்று பெயர் வாங்கியதால் ஜனங்கள் நெருங்காமல், ஆலைகளும் பெரிதாக வராமல், வட இந்தியாவின் சுத்தமான ஆறுகளில் ஒன்றாகத் தப்பியது. இது கரியால் முதலையின் கடைசிப் பெரிய புகலிடம். கரியால் என்பது நீளமான ஒல்லி மூக்கும் அதில் வரிசையாகக் கூர்ப் பற்களும் கொண்ட இனம். வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் சொம்பு கவிழ்த்தாற்போல் ஒரு புடைப்பு இருக்கும்; தமிழில் சொம்புமூக்கு முதலை என்பார்கள். நம் அமராவதி அணையிலும் ஒகேனக்கல்லிலும் உள்ள மக்கர் முதலை மீன், பறவை, நாய், ஆடு என எது கிடைத்தாலும் விழுங்கும். கரியால் அப்படியல்ல. அதன் தாடை மீன் பிடிக்கவே அமைந்தது. வளர்ந்தபின் ஏறக்குறைய மீன் மட்டுமே அதன் சாப்பாடு. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1970-களில் கரியால் ஏறத்தாழ அழிந்தே போயிருந்தது. 1975-ல் இந்திய அரசு ஐ.நா. அமைப்புகளின் உதவியோடு முதலைத் திட்டம் தொடங்கியது. ஆற்றங்கரையில் முட்டைகளைச் சேகரித்து, பொரிக்க வைத்து, குஞ்சுகளை ஓரளவு வளர்த்து ஆற்றில் விட்டார்கள். இதற்கான அதிகாரிகளுக்குப் பயிற்சி தந்த மத்திய நிறுவனம் அன்றைய ஆந்திரத் தலைநகரான ஐதராபாத்தில்தான் இருந்தது. சம்பலில் மூன்று மாநிலங்களையும் தழுவிய சரணாலயம் அறிவிக்கப்பட்டது. எண்ணிக்கை ஏறியது. பிறகு ஆள்களின் கவனம் வேறு பக்கம் போக, மறுபடியும் சரிந்தது. 2007-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் கரியாலை மிக அபாய நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது. அப்போது இனப்பெருக்கம் செய்யும் வயதில் இருந்தவை உலகம் முழுதும் 200-க்குள் என்று கணித்திருந்தார்கள்.

அதே 2007 டிசம்பரில், எட்டாவா மாவட்டத்தில் சம்பலின் கீழ்ப் பகுதியில், செத்த கரியால்கள் மிதந்து வரத் தொடங்கின. முதலில் ஒன்றிரண்டு. பிறகு நாளுக்கு நாள். 2008 மார்ச் வரை நூற்றுக்கும் மேற்பட்ட பிணங்கள் கிடைத்தன. கிடைத்தவை மட்டும் இவ்வளவு. ஆற்றோடு போனவையும் ஆழத்தில் கிடந்து அழுகியவையும் கணக்கில் இல்லை. செத்தவை குஞ்சுகள் அல்ல. பெரும்பாலும் இன்னும் சில ஆண்டுகளில் முட்டையிடும் பருவத்துக்கு வந்திருக்க வேண்டிய, ஆறேழு அடிக்கு மேல் வளர்ந்த முதலைகள். சாவு நடந்த இடமும் குறிப்பிடத்தக்கது. நானூறு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சரணாலயத்தில், யமுனையோடு சேரும் இடத்தை ஒட்டிய சிறிய நீட்டத்திலேயே ஏறக்குறைய எல்லாப் பிணங்களும் கிடைத்தன.

முதலில் ஈரல் சுருங்கிப்போனதால் சாவு என்று செய்தி வந்தது. பரேலியில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் மாதிரிகளைச் சோதித்தபோது ஈயமும் காட்மியமும் தென்பட்டன. ஒட்டுண்ணிகள் மேலும் சந்தேகம் போனது. பத்திரிகைகள் ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் எழுதின. சென்னைக்கருகே வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கர் 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணையைச் சேர்ந்தவர்களும் வனத்துறையினரும் களத்தில் இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து முதலை மருத்துவர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அவர்களில் தென்னாப்பிரிக்காவின் ஃப்ரிட்ஸ் ஹூக்ஸர்மேயர் முதலை நோய்களில் பெயர் பெற்றவர்.

முதலையை எப்படி அறுத்துப் பார்ப்பார்கள் என்பது பலருக்குத் தெரியாது. முதுகுத் தோலுக்கடியில் எலும்புத் தகடுகள் இருப்பதால் கத்தி இறங்காது. மல்லாத்திப் போட்டு, மெல்லிய வயிற்றுப்புறத் தோலில் தொண்டை தொடங்கிக் கழிவாய் வரை கீறுவார்கள். ஈரல், குடல், நுரையீரலை ஒதுக்கிவிட்டு, கடைசியில் வால் தொடங்கும் இடத்துக்குக் கிட்டே முதுகெலும்போடு ஒட்டிக் கிடக்கும் சிறுநீரகத்துக்கு வருவார்கள். சம்பல் முதலைகளில் அங்கேதான் விஷயம் இருந்தது. சிறுநீரகம் முழுக்க வெள்ளைப் படிவு. இதயத்தைச் சுற்றிய உறையைத் திறந்தால், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோல் அதே வெள்ளை. கால் மூட்டைக் கீறினால் உள்ளிருந்து கெட்டியான வெள்ளைப் பசை. நோயின் பெயர் கவுட்.

கவுட் மனிதருக்கும் வரும். இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி, கால் கட்டைவிரல் வீங்கி, ராத்திரி தூங்க விடாமல் செய்யும் அதே நோய்தான். முதலைக்கு வரும்போது உயிரைக் குடிக்கிறது. காரணம், உடம்பின் கழிவை வெளியேற்றும் முறை வேறு. நாம் சாப்பிடும் புரதம் எரிந்து முடிந்த கழிவை யூரியாவாகக் கரைத்துச் சிறுநீரில் விடுகிறோம். பறவைகளும் ஊர்வனவும் யூரிக் அமிலத்தை நம்பியிருக்கின்றன. காக்கை எச்சத்திலும் பல்லி எச்சத்திலும் பார்க்கும் அந்த வெள்ளை அதுதான். இது தண்ணீரில் எளிதாகக் கரையாது. சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்யும்வரை தொல்லையில்லை. சிறுநீரகம் பழுதாகிவிட்டால் யூரிக் அமிலம் இரத்தத்திலேயே தங்கி, படிகமாகி, இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் மூட்டுக்குள்ளும் படியும். குளிர்காலத்தில் முதலையின் உடம்புச் சூடு இறங்கும்போது கரைவது இன்னும் குறையும். சாவு டிசம்பரில் தொடங்கி, வெயில் ஏறிய மார்ச்சோடு நின்றதற்கு இது பொருத்தமான விளக்கம்.

ஆக, கவுட் என்பது சாவின் கடைசிப் படி. அதற்கு முந்தைய படி சிறுநீரகப் பழுது. சிறுநீரகத்தைப் பழுதாக்கியது எது என்பதே நிஜமான கேள்வி.

இந்தக் கேள்வியை நம் நாடு அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் பிணந்தின்னிக் கழுகுகள் விஷயத்தில் கேட்டிருந்தது. 1990-களில் கழுகுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் மாயமாயின. அவற்றை அறுத்தபோதும் இதே வெள்ளைப் படிவு. 2004-ல் காரணம் வெளியானது: மாட்டு வலிக்குப் போடும் டைக்ளோபினாக் ஊசி. ஊசி போட்ட மாடு செத்து, அதன் இறைச்சியைக் கழுகு தின்றால், கழுகின் சிறுநீரகம் சில நாளில் நின்றுபோகிறது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. பால் மாடு அதிகமுள்ள சித்தூர் மாவட்டத்தில் இதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும்: 2023-ல் கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் ஆகிய இரண்டும் அதே காரணத்துக்காகத் தடைப் பட்டியலில் சேர்ந்தன. மருந்துக் கடைக்காரர் நீட்டுவதை அப்படியே வாங்கி மாட்டுக்குப் போடக் கூடாது.

கழுகு விஷயத்தில் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான். சம்பலில் பிடிபடவில்லை. வைரஸ், பாக்டீரியா தேடினார்கள், சாவை விளக்கும்படி எதுவும் அகப்படவில்லை. கன உலோகத்தின் அளவு மட்டும் வைத்து இத்தனை சாவை விளக்க முடியவில்லை. சிறுநீரகத்தைத் தாக்கும் ஏதோ ஒரு நஞ்சு மீன் வழியாக முதலைக்குள் போயிருக்கிறது என்பதில் நிபுணர்கள் பெரும்பாலும் ஒத்துப்போனார்கள். அந்த நஞ்சின் பெயர் இன்றுவரை பதிவாகவில்லை. பிணங்கள் பல அழுகிய பின் கிடைத்ததும், நஞ்சு உடம்பை விட்டுப் போன பிறகும் அது செய்த சேதம் தங்கியிருக்கும் என்பதும் இதற்குக் காரணங்கள்.

என்றாலும் சூழ்நிலை சாட்சியம் வலுவானது. அதே தண்ணீரில் மக்கர் முதலைகள் இருந்தன, ஆமைகள் இருந்தன. அவை இப்படிச் சாகவில்லை. தண்ணீரே நஞ்சாகியிருந்தால் எல்லாம் செத்திருக்கும். மீனை மட்டுமே தின்னும் கரியால் மட்டும் செத்தது. அதுவும் யமுனை சேரும் இடத்தில். டெல்லியின் சாக்கடையும் ஆலைக் கழிவும், மதுரா, ஆக்ராவின் கழிவும் யமுனையில் இறங்கி எட்டாவா வரை வருகின்றன. ஆறுகள் கூடும் அந்த இடத்தில் மீனுக்கு ஆற்று எல்லை தெரியாது. யமுனையில் வளர்ந்த மீன் சம்பலுக்குள் ஏறும். கரியாலும் இரை தேடி யமுனைக்குள் இறங்கித் திரும்பும். 2008-ல் சென்னை முதலைப் பண்ணையின் ஆதரவில் ஜெஃப்ரி லாங் தொடங்கிய ஆய்வில், கரியால்களின் உடம்பில் ரேடியோக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, அவை பருவத்துக்குப் பருவம் ஆற்றில் நெடுந்தூரம் போய்வருவது உறுதியானது. சரணாலயம் என்று பலகை நட்டதோடு முதலை அங்கேயே நின்றுவிடுவதில்லை. என் கணிப்பில், சம்பல் சாவின் குற்றப்பத்திரிகையில் யமுனையின் பெயரை எழுதாமல் விடுவது கண்ணை மூடிக்கொள்வதாகும்.

சம்பல் ஓய்ந்த சில மாதங்களில், 2008-ன் தென்னாப்பிரிக்கக் குளிர்காலத்தில், குரூகர் தேசியப் பூங்காவின் ஓலிஃபன்ட்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நைல் முதலைகள் சாகத் தொடங்கின. நூற்றைம்பதுக்கும் மேல் செத்தன. அங்கே சிறுநீரகத்தில் கோளாறில்லை, கொழுப்பில் இருந்தது. முதலையின் வாலிலும் வயிற்றிலும் மெத்தென்று இருக்க வேண்டிய கொழுப்பு மஞ்சளாகி இறுகியிருந்தது. உடம்பே விறைத்து, நீந்த முடியாமல், சாப்பிட முடியாமல் செத்தன. கெட்டுப்போன கொழுப்புள்ள மீனை அதிகம் தின்று, உடம்பில் வைட்டமின் ஈ தீர்ந்துவிட்டால் இந்நோய் வரும். ஆற்றின் மேல்பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள், ஆலைகள், நகரக் கழிவுகள். கீழ்ப்பகுதியில் எல்லை தாண்டி மொசாம்பிக்கில் மசிங்கிர் அணை. அதன் நீர் பின்னேறிப் பள்ளத்தாக்கின் ஓட்டத்தைத் தேக்கி வண்டல் படிய வைத்தது. எது எவ்வளவு காரணம் என்று அங்கேயும் வாதம் ஓயவில்லை.

ஃபுளோரிடாவின் கிரிஃபின் ஏரியில் 1990-களின் பிற்பகுதி முதல் அலிகேட்டர்கள் நூற்றுக்கணக்கில் செத்தன. அங்கே மூளை பழுதாகியிருந்தது. வயல் உரம் கரைந்து வந்து ஏரியில் பாசி பெருகியது. பாசியால் ஷாட் என்ற ஒரு வகை மீன் பெருகியது. அந்த மீனில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் பொருள் ஒன்று உண்டு. அதையே நாளெல்லாம் தின்ற அலிகேட்டருக்கு பி1 இல்லாமல் போய், திசை தெரியாமல் தடுமாறிச் செத்தது. ஆஸ்திரேலியாவின் வடக்கில் கதை வேறு: வெளியிலிருந்து வந்த நச்சுத் தேரையைத் தின்ற நன்னீர் முதலைகள் சில ஆற்றுப் பகுதிகளில் பெருமளவு குறைந்தன.

சிறுநீரகம், கொழுப்பு, மூளை என்று நோய் வெவ்வேறு. ஆனால் எல்லாம் வாய் வழியாக வந்தவை. பெரும்பாலான கிருமிகளைத் தாங்குகிற பிராணி, தன் சாப்பாட்டில் சேர்ந்த கெடுதியைத் தாங்கவில்லை. ஆற்றின் உணவுச் சங்கிலியில் உச்சியில் இருப்பதாலும், ஐம்பது வருடம் ஒரே நீரில் வாழ்வதாலும், சிறு மீன்கள் சிறிதுசிறிதாக வாங்கிய நஞ்செல்லாம் கடைசியில் அதன் உடம்பில் வந்து சேருகிறது. அதனால் "முதலைக்கு என்ன நோய்?" என்று கேட்டு நிறுத்துவது பாதி விசாரணைதான். "அது என்ன தின்றது, அந்த மீன் எந்தத் தண்ணீரில் வளர்ந்தது?" என்று தொடர வேண்டும். பெரும்பாலும் அந்த இரண்டாம் பாதியில்தான் விசாரணை படுத்துவிடுகிறது. ஏனென்றால் அது கால்நடை மருத்துவரின் மேசையை விட்டு ஆலை, நகராட்சி, அணை என்று போகத் தொடங்குகிறது.

கூட்டச் சாவு எல்லாமே நோய் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கரியால் குஞ்சுகள் மழைக்காலத்துக்குச் சற்று முன், ஜூன் வாக்கில் பொரிக்கும். அடுத்து வரும் வெள்ளத்தில் மிகப் பெரும்பாலானவை அடித்துச் செல்லப்படும். இது இயற்கைக் கணக்கு; அதற்காகவே அத்தனை முட்டை. வலையில் சிக்கிச் சாவதும் உண்டு, அது நோயில் சேராது. குஞ்சு சாவதற்கும் வளர்ந்தவை சாவதற்கும் வேறுபாடு பெரிது. வளர்ந்த பெண் ஒன்று போனால் பல வருடத்து முட்டைகள் போகின்றன. சம்பல் சாவு அத்தனை பேரை உலுக்கியதற்குக் காரணம் எண்ணிக்கை மட்டுமல்ல, செத்தவற்றின் வயது.

சம்பல் அதன்பின் தேறியது. மறுபடி அப்படி ஒரு சாவு அங்கே நடக்கவில்லை. அண்மைக் கணக்கெடுப்புகளில் கரியால்கள் இரண்டாயிரத்தைத் தாண்டியிருக்கின்றன. நல்ல செய்திதான். ஆனால் உலகில் மிஞ்சிய கரியால்களில் மிகப் பெரும்பங்கு இந்த ஒரே ஆற்றில் இருக்கிறது. ஒரே ஆற்றில் எல்லாவற்றையும் வைத்திருக்கும்போது ஒரு குளிர்காலம் போதும், பல பத்தாண்டு உழைப்பைத் திருப்பிப் போட.

நம் பக்கம் கரியால் இல்லை, மக்கர் முதலைகள் உண்டு. ஒகேனக்கல், அமராவதி, சாத்தனூர், பவானிசாகர், கொள்ளிடம், ஆந்திரத்தில் கிருஷ்ணா என்று நீங்கள் போகும் இடங்கள்தான். இவற்றில் எங்கேயாவது செத்த முதலையைப் பார்த்தால் தொடாதீர்கள், புதைக்கவும் விடாதீர்கள். அன்றைக்கே வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். உடல் கெடுவதற்குள் அறுத்துப் பார்த்தால்தான் எதுவும் தெரியும். இரண்டு நாள் கழித்துக் கிடைத்த பிணத்தில் சிறுநீரகம் கூழாகியிருக்கும். முதலை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் துறை வந்தே ஆக வேண்டும். பக்கத்தில் மீன்கள் செத்து மிதந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இடமும் நேரமும் குறித்துப் போட்டோ எடுத்து வையுங்கள். கால்நடை டாக்டர் வந்தால் மீனின் மாதிரியையும் எடுக்கச் சொல்லுங்கள். அந்த ஆற்று மீனை அன்று யாரும் சமைக்க வேண்டாம் என்று ஊரிலும் சொல்லுங்கள்.